ஆர்.வி.க்கு எந்தத் தண்ணீர் வடிகட்டி வாங்குவது?

போன மாசம் டிரெய்லரை இழுத்துக்கிட்டு சிக்வோயா பக்கம் கிளம்பினோம். முதல் ராத்திரி விசேலியாவுக்கு வெளியே ஒரு சின்ன கேம்ப்கிரவுண்ட். சுற்றிலும் ஆரஞ்சுத் தோட்டம், கொஞ்சம் தள்ளி மாட்டுப் பண்ணை. குழாயில் ஹோஸை மாட்டி, உள்ளே தண்ணி வந்து, அம்மா பாப்பாவுக்குப் பால் கலக்க அடுப்பில் தண்ணி வெச்சாச்சு. அப்புறம்தான் குழாய்க் கம்பத்தின் பின்பக்கம் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் தொங்குவதைப் பார்த்தேன். நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருக்கிறது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கவோ இதில் பால் பவுடர் கலக்கவோ கூடாது, கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்று எழுதியிருந்தது.

என் மகளுக்கு அன்றைக்கு நாலரை மாசம்.

"நாமதான் ஃபில்டர் போட்டிருக்கோமே" என்றார் கணவர். குழாயில் மாட்டுகிற அந்த நீல நிற உருளை, ஆர்.வி. வைத்திருக்கிற எல்லாரிடமும் இருக்குமே, அது. "ஏன்டி, நல்லா கொதிக்க வெச்சு ஆற வெச்சா எது நிக்கப் போவுது? உன்னை வளர்த்தது அப்படித்தானே?" என்றார் அம்மா. ரெண்டு பேர் சொன்னதும் தப்பு என்று மனசுக்குத் தெரிந்தது. ஏன் தப்பு என்று அந்த நேரத்தில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இருபது நிமிஷம் காரை ஓட்டிப் போய் பாட்டில் தண்ணி வாங்கி வந்து பால் கலந்தோம். திரும்பி வந்த பிறகு மூணு வாரம் இதையே படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் அம்மாவுக்குப் பதில். கொதிக்க வைப்பது கிருமிக்கு வைத்தியம். பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி எல்லாம் சூட்டில் சாகும். அதில் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஒரு நிமிஷம் தளதளவென்று கொதித்தால் போதும் என்பது அமெரிக்க சி.டி.சி.யின் அறிவுரை. 6,500 அடிக்கு மேலே மூணு நிமிஷம், ஏன்னா உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். (சிக்வோயாவில் லாட்ஜ்போல் முகாம் கிட்டத்தட்ட 6,700 அடியில் இருக்கிறது, அங்கே இது நிஜமாகவே பொருந்தும்.) ஆனால் நைட்ரேட் கிருமி இல்லை, கரைந்திருக்கிற உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு பாத்திரத்திலேயே நிற்கும். லிட்டருக்கு 12 மில்லிகிராம் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரை முக்கால் லிட்டராகச் சுண்டவிட்டால் அது 16 ஆகிவிடும். ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கிற கதைதான். அறிவிப்புத் தாளில் "கொதிக்க வைக்காதீர்கள்" என்று எழுதியிருந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். அம்மா ரசக் கணக்கை உடனே ஒத்துக்கொண்டார்.

குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? நைட்ரேட் உடம்புக்குள் நைட்ரைட்டாக மாறும். அது ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை மெத்தஹீமோகுளோபினாக மாற்றிவிடும். அதால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. பெரியவர்களின் உடம்பு இதைச் சீக்கிரம் சரிசெய்துகொள்ளும். சில மாசக் குழந்தைக்கு வயிற்றில் அமிலம் குறைவு, நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியாவுக்கு அது வசதி. மெத்தஹீமோகுளோபினைத் திருப்பி மாற்றுகிற நொதியும் அந்த வயசில் போதுமான அளவு இருக்காது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூத்துப் போகும். அதனால்தான் 'நீலக் குழந்தை' என்று இந்த நோய்க்குப் பெயர். 1945-இல் ஹண்டர் காம்லி என்ற அயோவா மருத்துவர்தான் கிணற்று நீரின் நைட்ரேட்டையும் நீலம் பூத்த குழந்தைகளையும் முதலில் இணைத்து எழுதினார். பால் பவுடர் குடிக்கிற குழந்தை தன் எடைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் புரியும். ஆறேழு கிலோ உடம்பு, நாளைக்கு ஒரு லிட்டருக்குப் பக்கத்தில்.

அமெரிக்காவில் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயத்தில் 45. "நம்ம ஊரில் நாலரை மடங்கு விடறாங்களா" என்று நானும் ஒரு நிமிஷம் அதிர்ந்தேன். இல்லை, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அமெரிக்கா நைட்ரேட்டில் இருக்கிற நைட்ரஜனின் எடையை மட்டும் எண்ணுகிறது, இந்தியா முழு நைட்ரேட்டையும் எண்ணுகிறது. சோதனைப் பட்டை வாங்கினால் எந்தக் கணக்கில் நிறம் காட்டுகிறது என்று டப்பாவில் பாருங்கள். இதைப் பார்க்காமல் விட்டால் 40-ஐப் பார்த்துப் பதறவும் செய்யலாம், இன்னும் மோசமாக, 20-ஐப் பார்த்து நிம்மதியாகவும் இருந்துவிடலாம்.

நாங்கள் நின்ற இடமும் தற்செயல் இல்லை. கலிஃபோர்னியாவின் துலாரி ஏரிப் படுகையும் சலீனாஸ் பள்ளத்தாக்கும் நைட்ரேட்டுக்குப் பேர்போனவை. டேவிஸ் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையே இந்த ரெண்டு இடங்களைப் பற்றித்தான். நிலத்தடி நீரில் சேர்கிற நைட்ரேட்டில் 96 சதவீதம் விவசாய நிலத்திலிருந்து வருகிறது என்றது அது. உரமும் சாணமும்தான். சாலையோரம் ஆரஞ்சு வாசனையோடு நிற்கிற அழகான கேம்ப்கிரவுண்டுகள் எல்லாம் அந்தக் கிணறுகளுக்கு மேலேதான் நிற்கின்றன.

அடுத்து நான் தேடியது, கேம்ப்கிரவுண்ட் தண்ணீரை யார் சோதிக்கிறார்கள் என்று. வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கு வருஷா வருஷம் நகராட்சி ஓர் அறிக்கை அனுப்பும், அதில் ஆர்சனிக் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். சொந்தக் கிணறு வைத்திருக்கிற கேம்ப்கிரவுண்டுக்கு அந்தக் கடமை கிடையாது. வருஷத்தில் 60 நாளாவது, நாளுக்கு 25 பேருக்காவது தண்ணீர் கொடுத்து, ஆனால் அந்த ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால், சட்டம் அதை 'வந்து போகிறவர்களுக்கான' தனி வகையாக வைக்கிறது. அந்த வகையில் முக்கியமாகச் சோதிப்பது உடனே கெடுதல் செய்கிறவற்றை மட்டும்: கோலிஃபார்ம் பாக்டீரியா, நைட்ரேட், நைட்ரைட். ஆர்சனிக் மாதிரி வருஷக்கணக்கில் குடித்தால்தான் கெடுக்கும் என்கிறவை அந்தப் பட்டியலில் இல்லை. ரெண்டு நாள் தங்கிப் போகிறவருக்கு அது நியாயம்தான். முழு நேரமும் ஆர்.வி.யில் வாழ்கிறவர்கள், அரிசோனா, நெவாடா பக்கம் மாசக்கணக்கில் நிற்கிறவர்கள், இதை யோசிக்கணும். இன்னொன்று: இந்த மாதிரி இடங்களில் மாநிலம் அனுமதித்தால் நைட்ரேட் 20 வரை போகலாம் என்று மத்திய விதி சொல்கிறது. ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீர் போகாது என்று காட்டணும், அறிவிப்பு எப்போதும் ஒட்டியிருக்கணும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. ஆக ஒரு கைக்குழந்தைக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் நிற்பது சில சமயம் ஒரு தாள் மட்டும்தான். எங்களுக்கு அது கம்பத்தின் பின்பக்கம் இருந்தது.

சரி, ஃபில்டருக்கு வருவோம்.

"எது நல்ல ஃபில்டர்" என்று தேடினால் பட்டியல் பட்டியலாக வரும், எதுவும் உதவாது. தண்ணீரில் எது இருக்கிறது, அதை எது எடுக்கும் என்றுதான் கேட்கணும். டீ வடிகட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டீத்தூள் நிற்கும், சர்க்கரை நிற்காது. மண், துரு, ஒட்டுண்ணி, பாக்டீரியா எல்லாம் டீத்தூள் மாதிரி, ஓட்டை சின்னதாக இருந்தால் நிற்கும். நைட்ரேட், ஆர்சனிக், கடினத்தன்மை எல்லாம் சர்க்கரை மாதிரி கரைந்தவை. எவ்வளவு நுணுக்கமான வலை போட்டாலும் போய்விடும்.

வலையின் கணக்கு மைக்ரானில். ஜியார்டியா ஏறக்குறைய 10 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6, ஈ.கோலை அரை மைக்ரான் அகலம். வைரஸ்கள் 0.1-க்கும் கீழே. டப்பாவில் 'நாமினல் 5 மைக்ரான்' என்று இருந்தால் அந்த அளவுத் துகள்களில் பெரும்பகுதியை நிறுத்தும் என்றுதான் அர்த்தம், எல்லாவற்றையும் இல்லை. 'அப்சல்யூட்' என்று போட்டிருந்தால்தான் நம்பலாம். கிரிப்டோவைத் தனியாகச் சொல்லக் காரணம், குளோரினுக்கு அது அசையாது.

கார்பன் என்பது வலை மட்டும் இல்லை, ஒட்டும் பரப்பு. குளோரின் நாற்றம், வாடை, பல கரிம ரசாயனங்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். குருணைக் கார்பனைவிட அழுத்திச் செய்த கார்பன் கட்டி மேல். குருணைக்குள் தண்ணீர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்து அதிலேயே ஓடிவிடும். அந்த நீல உருளைக்குள் இருப்பது குருணைக் கார்பனும், கே.டி.எஃப். என்கிற செம்பு-துத்தநாகத் துகளும். குளோரின் வாடைக்கும் மண்ணுக்கும் அது கொடுக்கிற காசுக்கு நல்ல சாமான்தான், குறை சொல்லமாட்டேன். நைட்ரேட்டுக்கு அது ஒன்றுமே செய்யாது. கணவர் நம்பினது தப்பு என்று சொன்னது இதைத்தான்.

டப்பாவில் பார்க்கவேண்டியது என்.எஸ்.எஃப். எண். 42 என்றால் சுவை, வாடை, குளோரின். 53 என்றால் ஆரோக்கியம் சம்பந்தப்பட்டவை: ஈயம், ஒட்டுண்ணிக் கூடுகள் மாதிரி. 55 புற ஊதா விளக்குக்கு, 58 ஆர்.ஓ.வுக்கு. எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே 53-க்குள் ஈயத்துக்கு மட்டும் சான்று வாங்கினதும் இருக்கும், ஒட்டுண்ணிக்கு மட்டும் வாங்கினதும் இருக்கும். 58-இலும் நைட்ரேட் தனிச் சான்று, கம்பெனி விரும்பினால்தான் வாங்கும். எதெதற்கு என்று எழுதியிருக்கிற பட்டியலைப் படிக்கணும். அப்புறம் "இந்தத் தரப்படி சோதிக்கப்பட்டது" என்பது வேறு, "சான்றளிக்கப்பட்டது" என்பது வேறு. முதலாவதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். என்.எஸ்.எஃப்., டபிள்யூ.க்யூ.ஏ., ஐயாப்மோ, இவர்களின் இணையப் பட்டியலில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் ஆசையாகப் பார்த்து வைத்த மூணில் ஒன்று அங்கே இல்லவே இல்லை.

டி.டி.எஸ். மீட்டர் பற்றியும் சொல்லிவிடணும், ஏன்னா நம்மாட்கள் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். சென்னையில் ஆர்.ஓ. விற்க வந்தவர்கள் பழக்கிவிட்ட சாமான். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து மொத்த உப்பை உத்தேசமாகச் சொல்லும். 400 காட்டினால் அதில் கால்சியம் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று அதுக்குத் தெரியாது. பாக்டீரியா கண்ணிலேயே படாது. ஆர்.ஓ. வேலை செய்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பார்க்க உதவும், அவ்வளவுதான்.

அப்போ ஆர்.ஓ. போட்டால் முடிந்தது இல்லையா? நைட்ரேட், ஆர்சனிக், ரெண்டையும் குறைக்கிற ஒரே வீட்டுச் சாமான் ஏறக்குறைய அதுதானே? நானும் ஒரு வாரம் அதில்தான் இருந்தேன். வீட்டில் என்றால் யோசிக்காமல் வாங்கியிருப்பேன். ஆர்.வி.யில் கணக்கு வேறு. சாதாரண அடுப்படி ஆர்.ஓ. ஒரு கேலன் நல்ல தண்ணீருக்கு அஞ்சு கேலன் அல்லது அதற்கு மேலேயே கழிவாக விடும் என்கிறது இ.பி.ஏ. எங்கள் டிரெய்லரில் நல்ல தண்ணி டேங்க் 40 கேலன், 151 லிட்டர். கழுவின தண்ணி சேர்கிற கிரே டேங்க் 30 கேலன், 113 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 6 லிட்டர் என்றாலும் 30 லிட்டர் கழிவு. ஒரு தட்டுகூடக் கழுவாமல், ஒருத்தர்கூடக் குளிக்காமல், நாலு நாளுக்குள் கிரே டேங்க் நிரம்பிவிடும். நல்ல தண்ணியும் அதே நாலு நாளில் காலி. கழிவுநீர் இணைப்போடு மாசக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, அவர்கள் தாராளமாகப் போடலாம். காட்டுக்குள் டேங்க் தண்ணியில் மூணு நாள் நிற்கிற எங்களுக்கு ஒத்துவராது. கழிவு குறைவான புது மாடல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் பம்ப் இருக்கும், வீட்டு மின்சாரம் கேட்கும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது, நான் வண்டிக்கு முழுசா ஒரு வடிகட்டி தேடிக்கொண்டிருந்தேன், ஆனால் நைட்ரேட் பயம் ஒரே ஒரு ஆளுக்குத்தான், அவளுக்கு வேண்டியது நாளைக்கு ஒரு லிட்டர். பலசரக்குக் கடை வாசலில் ஆர்.ஓ. தண்ணி நிரப்பும் இயந்திரம் நிற்கும். 5 கேலன் கேனில் 19 லிட்டர், ரெண்டு வாரத்துக்கு மேலே வரும். புறப்படுகிற முன்னாடி வீட்டுப் பக்கத்திலேயே நிரப்பிக்கொண்டால் வழியில் எந்தக் கிணறு எப்படி இருந்தாலும் கவலை இல்லை. இதற்கு ஆன செலவு கேனோடு சேர்த்து இருபது டாலருக்குள். மூணு வார ஆராய்ச்சியின் மிக முக்கியமான முடிவு இதுதான் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மற்றவர்களுக்கு, அதாவது மண், துரு, ஒட்டுண்ணி, ஈயம், வாடைக்கு, ரெண்டு கட்டமாகப் போட்டேன். எதை எங்கே போடுவது என்பதில் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள் என்பது என் எண்ணம். வெளியே குழாயில் முதலில் பிரஷர் ரெகுலேட்டர். சில கேம்ப்கிரவுண்டில் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும், ஹோஸ், ஃபில்டர் கூடு, உள்ளே இருக்கிற இணைப்பு எல்லாவற்றுக்கும் ஆபத்து. முள் காட்டுகிற, திருகி மாற்றுகிற வகை வாங்கி 50-இல் வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்து 5 மைக்ரான் மண் வடிகட்டி. அதோடு வெளியே முடிந்தது. கார்பன் அங்கே வேண்டாம்.

காரணம் குளோரின். கார்பன் குளோரினைத் தின்றுவிடும். வெளியேயே கார்பன் போட்டு டேங்க் நிரப்பினால், பாதுகாப்பு எதுவும் இல்லாத தண்ணீர் வெயிலில் சூடாகிற ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நாள்கணக்கில் நிற்கும். பாக்டீரியா வளர்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. குளோரின் டேங்க் வரைக்கும் வரட்டும், குடிக்கிற இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதனால் கார்பன் கட்டி சமையல் தொட்டியின் கீழே, குடிதண்ணீருக்குத் தனிக் குழாயோடு. 0.5 மைக்ரான், 53-இல் ஒட்டுண்ணிக் கூட்டுக்கும் ஈயத்துக்கும் சான்று உள்ளது. இவ்வளவு நெருக்கமான கட்டியை வண்டி முழுசுக்கும் போட்டால் ஷவரில் நூல் மாதிரிதான் தண்ணி வரும். ஒரே குழாய்க்கு என்றால் தெரியாது. கூடு ரெண்டும் 10 அங்குல நீளம், 2.5 அங்குல விட்டம் உள்ள பொது அளவு, எந்தக் கம்பெனி உருளையும் பொருந்தும். அவர்கள் உருளை மட்டும்தான் பொருந்தும் என்கிற அழகான பெட்டிகளைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். பிரிண்டர் மை கதைதான்.

பாக்டீரியாவும் வைரஸும்? ஆறு, ஓடைத் தண்ணீர் எடுக்கிறவர்கள் 0.1 மைக்ரான் நார்க்குழல் வடிகட்டியும் புற ஊதா விளக்கும் பார்க்கணும். நாங்கள் எடுப்பது சோதித்த குழாய்த் தண்ணி மட்டும். எங்காவது கிருமி எச்சரிக்கை இருந்தால் அம்மா வழிதான், கொதிக்க வைப்போம். கடினத்தன்மைக்கு மென்னீராக்கி விற்கிறார்கள், ஹீட்டருக்கு நல்லது, உடம்புக்கு அது ஒரு பிரச்சினை இல்லை, நாங்கள் வாங்கவில்லை.

எந்த வடிகட்டியும் அழுக்கு டேங்கைச் சரிசெய்யாது. சீசன் ஆரம்பத்தில் 15 கேலனுக்குக் கால் கப் வாசனை சேர்க்காத பிளீச், எங்கள் 40 கேலனுக்கு முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவாக, ஊற்றி எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை ஓடவிட்டு, ராத்திரி முழுக்க வைத்து, மறுநாள் கழுவிக் கொட்டணும். அதற்கு முன்னாடி கார்பன் உருளையைக் கழற்றிவிடணும், இல்லாட்டி அந்தக் குளோரின் முழுசையும் அது தின்றுவிட்டு அன்றைக்கே செத்துப் போகும்.

உருளையின் ஆயுளை டப்பாவில் கேலனில் போட்டிருப்பார்கள். ஆர்.வி.யில் அதை நம்பவேண்டாம். மாசத்தில் ரெண்டு நாள் ஓடி மீதி நாள் ஈரத்தோடு மூடிக்கிடக்கிற கார்பனில் என்ன வளரும் என்று யோசியுங்கள். நான் சீசனுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன், எத்தனை கேலன் மிச்சம் இருந்தாலும். குளிருக்கு முன்னாடி ரெண்டு கூட்டையும் கழற்றித் தண்ணி வடித்துவிடணும், உறைந்தால் கூடு விரிசல் விடும். நார்க்குழல் வகை ஒருமுறை நனைந்த பிறகு உறைந்தால் உள்ளே கிழிந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அதைத் தூக்கித்தான் போடணும்.

அடுத்த வாரம் மறுபடி கிளம்புகிறோம், அதே வழிதான். இந்தத் தடவை குழாயைத் திறக்கிற முன்னாடி கம்பத்தைச் சுற்றி வந்து பார்க்கிறது என் வேலை, நைட்ரேட் பட்டை கணவர் பையில் இருக்கிறது. கேனை அம்மா நேற்றே கழுவிக் காயவைத்து, மார்க்கரால் "பாப்பாவுக்கு மட்டும்" என்று எழுதிவைத்துவிட்டார். அந்தத் தண்ணியையும் கொதிக்க வெச்சுத்தான் கொடுப்பேன் என்கிறார். மூடிபோட்டு ஒரு நிமிஷம் மட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம்.